ஒரே சர்வரில் மூன்று தளங்கள்: ரிவர்ஸ் ப்ராக்ஸிக்குப் பின்னால் வர்ச்சுவல் ஹோஸ்ட் அமைப்பது எப்படி?

மாத வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய லினக்ஸ் சர்வர். அதற்கு ஒரே ஒரு ஐபி முகவரி. அதில் ஒரு பதிப்பகத்தின் அறிமுகத் தளமும், புத்தகக் கடையும், அலுவலகத்தினர் மட்டும் பயன்படுத்தும் கணக்குச் செயலியும் ஓட வேண்டும். மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும், மூன்றுக்கும் பாதுகாப்பான இணைப்பு வேண்டும். இந்த வேலையை முதன்முறையாகச் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான்: எங்கிருந்தோ எடுத்த அமைப்பை ஒட்டியதும் முதல் தளம் ஒழுங்காக வருகிறது. இரண்டாவதைத் திறந்தால் அங்கேயும் முதல் தளமே வருகிறது. மூன்றாவது, உலாவியைத் தன்னிடமே திரும்பத் திரும்ப அனுப்பிக் களைக்க வைக்கிறது.

பார்ப்பதற்கு வேறுவேறு கோளாறுகள். ஆனால் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். பார்வையாளர் எந்தப் பெயரைக் கேட்டார் என்ற செய்தி, உலாவிக்கும் செயலிக்கும் நடுவே எங்கோ தொலைந்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு படியிலும் ‘பெயர் இப்போது யார் கையில் இருக்கிறது?’ என்று கேட்டுக்கொண்டே போவோம்.

உபுண்டு அல்லது டெபியன் சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளை வைத்து விளக்குகிறேன். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். அடிக்கோடு, அடைப்பு, அரைப்புள்ளி எல்லாம் இங்கே உள்ளபடியே வரும். தளப் பெயர்களுக்கு எக்சாம்பிள்.காம் என்பதைப் பயன்படுத்துகிறேன். இப்படி எடுத்துக்காட்டு காட்டுவதற்காகவே 1999 முதல் ஒதுக்கி வைக்கப்பட்ட பெயர் அது. உங்கள் பெயரை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் எப்படி வந்து சேர்கிறது

உலாவி முதலில் டிஎன்எஸ் மூலம் பெயரை ஐபி முகவரியாக மாற்றுகிறது. பிறகு அந்த முகவரிக்கு இணைப்பு எடுக்கிறது. இணைப்பு எண்ணுக்குத்தான் போகிறதே தவிரப் பெயருக்குப் போவதில்லை. 1996இல் ஆவணமான எச்டிடிபி 1.0 நெறிமுறையில், கேட்கும் தளத்தின் பெயரைக் கோரிக்கையோடு சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் ஒரு தளத்துக்கு ஒரு ஐபி முகவரி என்று செலவழிக்க வேண்டியிருந்தது. 1997இல் வந்த எச்டிடிபி 1.1, ‘ஹோஸ்ட்’ என்ற தலைப்பு வரியைக் கட்டாயமாக்கியது. அந்த வரி இல்லாமல் வரும் 1.1 கோரிக்கைக்குச் சர்வர் 400 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தர வேண்டும். ஒரே முகவரியில் நூறு தளங்கள் ஓடுவது இந்த ஒற்றை வரியால்தான்.

வர்ச்சுவல் ஹோஸ்ட் என்பது, ‘இந்தப் பெயரில் கோரிக்கை வந்தால் இப்படிச் செய்’ என்று எழுதிய அமைப்புத் தொகுதி. ரிவர்ஸ் ப்ராக்ஸி என்பது 80, 443 ஆகிய பொதுப் போர்ட்களில் (ஒரே முகவரியில் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்களில்) நின்று, வரும் பெயரைப் பார்த்து, உள்ளே வேறு போர்ட்டில் ஓடும் செயலியிடம் கோரிக்கையை ஒப்படைத்து, பதிலை வாங்கிக் கொடுக்கும் மென்பொருள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் காவலாளி கடித உறையில் உள்ள பெயரைப் படித்து உரிய வீட்டுக்கு அனுப்புவதைப் போன்ற வேலை.

பாதுகாப்பான இணைப்பில் ஒரு சிக்கல் கூடுதலாக வருகிறது. ஹோஸ்ட் வரி மறைகுறியாக்கத்துக்கு உள்ளே இருக்கிறது; மறைகுறியாக்கம் தொடங்க வேண்டுமானால், தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் வேண்டும்; எந்தச் சான்றிதழைக் காட்டுவது என்று தெரிய வேண்டுமானால் பெயர் வேண்டும். 2003இல் தரமாக்கப்பட்ட எஸ்என்ஐ என்ற நீட்சி இந்த முடிச்சை அவிழ்த்தது. உலாவி இணைப்பின் முதல் செய்தியிலேயே பெயரைச் சொல்லிவிடுகிறது. ஆக, ஒரு பாதுகாப்பான கோரிக்கையில் பெயர் இருமுறை வருகிறது: சான்றிதழுக்காக ஒருமுறை, தளத்துக்காக ஒருமுறை.

முதலில் செயலிகள் தனியாக ஓடட்டும்

ப்ராக்ஸியைத் தொடும் முன் செயலிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் கடை, நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) செயலி, போர்ட் 3000. கணக்கு, ஜாங்கோ (பைதான்) செயலி, போர்ட் 8000. அறிமுகத் தளம் வெறும் எச்டிஎம்எல் கோப்புகள். அதற்குச் செயலியே தேவையில்லை, என்ஜின்எக்ஸே நேராகக் கொடுத்துவிடும்.

சர்வருக்குள் நுழைந்து, முனையத்தில், ஒரு முகவரியைக் கேட்டுப் பதிலைக் காட்டும் கர்ல் கட்டளையால் 127.0.0.1:3000 என்ற முகவரியைக் கேளுங்கள். பக்கம் வந்தால் சரி. வராவிட்டால் ப்ராக்ஸி எதையும் சரிசெய்யப் போவதில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். செயலி 0.0.0.0 என்ற முகவரியில் செவிமடுத்தால், ஃபயர்வால் தடுக்காதவரை உலகில் யார் வேண்டுமானாலும் உங்கள் ஐபி முகவரியோடு 3000 என்று சேர்த்துத் தட்டி, ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். 127.0.0.1 என்று கட்டுப்படுத்தினால் சர்வருக்குள் இருந்து மட்டுமே அணுக முடியும். ‘எஸ்எஸ்’ என்ற கட்டளையை ‘-டிஎல்என்பி’ விருப்பங்களுடன் இயக்கினால் எந்த நிரல் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்ற பட்டியல் வரும். செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் இதில் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். டாக்கர் தன் போர்ட் விதிகளைத் தானே எழுதிக்கொள்வதால், உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் நீங்கள் மூடியிருப்பதாக நினைக்கும் போர்ட் வெளியே திறந்தே கிடக்கும். போர்ட்டை வெளியிடும்போது 127.0.0.1:3000:3000 என்று முகவரியையும் சேர்த்து எழுதுங்கள்.

டிஎன்எஸ்

மூன்று பெயர்களுக்கும் ‘ஏ’ வகைப் பதிவு ஒன்று போட்டு, சர்வரின் ஐபி முகவரியைக் கொடுங்கள். சர்வருக்கு ஐபிவி6 முகவரி இருந்து, அதை ‘நான்கு ஏ’ பதிவில் சேர்த்தீர்களானால், என்ஜின்எக்ஸிலும் எல்லா ஹோஸ்ட்களுக்கும் ஐபிவி6 வரியை எழுத வேண்டும். ஒரு ஹோஸ்டுக்கு எழுதி மற்றதற்கு மறந்தால், ஐபிவி6 வழியாக வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒன்றுக்கே போய்ச் சேர்வார்கள். அலுவலகத்தில் சரியாக வரும் தளம் கைப்பேசியில் வேறு தளமாகத் தெரிவதற்கு இது பல நேரங்களில் காரணம்.

முதல் ஹோஸ்ட்

டெபியன் குடும்பத்தில் என்ஜின்எக்ஸ் அமைப்புகள் ‘எட்சி’ கோப்புறைக்குள் ‘என்ஜின்எக்ஸ்’ கோப்புறையில் இருக்கும். அதில் இரண்டு உட்கோப்புறைகள்: ‘சைட்ஸ்-அவைலபிள்’, ‘சைட்ஸ்-எனேபிள்ட்’. முதலாவதில் கோப்பை எழுதி, இரண்டாவதில் அதற்கு ஒரு குறியிணைப்பு (அசல் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட வேண்டும். தளத்தைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமானால் இணைப்பை மட்டும் நீக்கினால் போதும், கோப்பு பத்திரமாக இருக்கும். ஒரு தளத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதினால் ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது உங்களுக்கே புரியாது.

கடைக்கான கோப்பு:

சர்வர் {
  லிசன் 80;
  லிசன் [::]:80;
  சர்வர்_நேம் கடை.எக்சாம்பிள்.காம்;

  லொகேஷன் / {
    ப்ராக்ஸி_பாஸ் எச்டிடிபி://127.0.0.1:3000;
    ப்ராக்ஸி_செட்_ஹெடர் ஹோஸ்ட் $ஹோஸ்ட்;
  }
}

‘லிசன்’ எந்தப் போர்ட்டில் காத்திருப்பது என்று சொல்கிறது. சதுர அடைப்புள்ள வரி ஐபிவி6க்கானது. ‘சர்வர்_நேம்’ எந்தப் பெயருக்கு இந்தத் தொகுதி என்று சொல்கிறது. ‘ப்ராக்ஸி_பாஸ்’ யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்கிறது. அங்கே ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் ஐபிவி6 முகவரியாகவும் விரியக்கூடும். செயலி ஐபிவி4இல் மட்டும் காத்திருந்தால் லாக்கில் (நிகழ்வுப் பதிவுக் கோப்பில்) காரணம் புரியாத மறுப்புகள் நிறையும்.

கணக்குச் செயலிக்கும் இதே போல் இன்னொரு கோப்பு, பெயரும் போர்ட்டும் மட்டும் மாறும். அறிமுகத் தளத்தில் ப்ராக்ஸி வரிகளுக்குப் பதிலாக ‘ரூட்’ என்ற வரியில் கோப்புறைப் பாதையைக் கொடுங்கள். உங்கள் சொந்த ஹோம் கோப்புறைக்குள் தளத்தை வைக்காதீர்கள். உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளில் ஹோம் கோப்புறையைப் பிற பயனர்கள் படிக்க முடியாது, என்ஜின்எக்ஸும் ஒரு ‘பிற பயனர்’தான். 403 என்று வந்து நிற்கும். ‘வார்’ கோப்புறைக்குள் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ என்ற கோப்புறை இதற்காகவே இருக்கிறது.

எழுதியதும் என்ஜின்எக்ஸ் கட்டளையை ‘-டி’ என்ற சிறிய எழுத்து விருப்பத்துடன் இயக்குங்கள். இலக்கணப் பிழை இருந்தால் கோப்பின் பெயரும் வரி எண்ணும் சொல்லும். பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் ரீலோட் என்ஜின்எக்ஸ்’. ‘ரீஸ்டார்ட்’ வேண்டாம். அமைப்பில் பிழை இருந்தால் ரீலோட் பழைய அமைப்போடு தொடர்ந்து ஓடும். ரீஸ்டார்ட் மூன்று தளங்களையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடும். ஓரெழுத்துத் தவறுக்கு அவ்வளவு பெரிய விலை தேவையில்லை.

டிஎன்எஸ் பரவும்வரை காத்திருக்காமலே சோதிக்கலாம். கர்ல் கட்டளைக்குப் பெரிய எழுத்து ‘-எச்’ விருப்பத்தில் ஹோஸ்ட் வரியை நீங்களே கொடுத்து 127.0.0.1ஐக் கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் உரிய தளம் வருகிறதா? அப்படியானால் பெயர் ப்ராக்ஸிவரை சரியாக வந்து சேர்கிறது என்று பொருள். உலாவியிலேயே பார்க்க வேண்டுமானால் உங்கள் சொந்தக் கணினியின் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் ஐபி முகவரியையும் பெயர்களையும் எழுதிப் பாருங்கள். சோதனை முடிந்ததும் அந்த வரியை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

எந்தப் பெயருக்கும் பொருந்தாத கோரிக்கை

இரண்டாவது தளத்தைத் திறந்தால் முதல் தளம் வரும் மர்மத்துக்கு விடை இங்கே இருக்கிறது. என்ஜின்எக்ஸ் முதலில் முகவரியையும் போர்ட்டையும் வைத்துத் தொகுதிகளை வடிகட்டுகிறது. மிஞ்சியவற்றில் பெயரைத் தேடுகிறது: அப்படியே பொருந்தும் பெயர், பிறகு நட்சத்திரக் குறியில் தொடங்கும் மிக நீண்ட பெயர், பிறகு நட்சத்திரக் குறியில் முடியும் மிக நீண்ட பெயர், கடைசியாகக் கோப்பில் உள்ள வரிசைப்படி முதலில் பொருந்தும் ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன் (பெயரின் எழுத்து வடிவத்தை விவரிக்கும் கோவை). எதுவும் பொருந்தாவிட்டால் ‘தெரியாது’ என்று சொல்லாது. இயல்புநிலைத் தொகுதிக்கு அனுப்பிவிடும். இயல்புநிலை எது என்று நீங்கள் சொல்லாவிட்டால், முதலில் படித்த தொகுதியே இயல்புநிலை. கோப்புகள் அகர வரிசையில் படிக்கப்படுவதால், கோப்பின் பெயரை மாற்றினாலே தளம் மாறித் தெரியும்!

ஆகவே பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் பிழைச் செய்தி வராது, தவறான தளம் வரும். இதைத் தவிர்க்க, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தொகுதியை நீங்களே எழுதி வையுங்கள்:

சர்வர் {
  லிசன் 80 டிஃபால்ட்_சர்வர்;
  லிசன் [::]:80 டிஃபால்ட்_சர்வர்;
  சர்வர்_நேம் _;
  ரிட்டர்ன் 444;
}

444 என்பது எச்டிடிபி தரத்தில் உள்ள எண் அல்ல. பதில் எதுவும் சொல்லாமல் இணைப்பை அறுத்துவிடு என்று என்ஜின்எக்ஸுக்கு மட்டும் புரியும் குறிப்பு. உபுண்டுவில் என்ஜின்எக்ஸை நிறுவும்போதே ‘டிஃபால்ட்’ என்ற கோப்பு ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும். அதன் குறியிணைப்பை நீக்கிவிட்டு இதை வையுங்கள். இரண்டும் இருந்தால் இயல்புநிலை இருமுறை சொல்லப்பட்டிருக்கிறது என்று சோதனையிலேயே நின்றுவிடும். 443 போர்ட்டுக்கும் இதே போல் ஒரு தொகுதி வேண்டும். அதில் ‘எஸ்எஸ்எல்_ரிஜெக்ட்_ஹேண்ட்ஷேக் ஆன்’ என்ற வரியைச் சேர்த்தால், தெரியாத பெயருக்குச் சான்றிதழ் காட்டாமலே கதவை மூடிவிடும். இது 1.19.4 பதிப்பிலிருந்து இருக்கிறது.

இந்தத் தொகுதியைப் பலர் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஐபி எண்களை வரிசையாகத் தட்டிக்கொண்டு வரும் தானியங்கி நிரல்களும், யாரோ தங்கள் டொமைனை உங்கள் முகவரிக்குத் தவறுதலாகத் திருப்பிவிட்டதால் வரும் கோரிக்கைகளும் உங்கள் கணக்குச் செயலியின் உள்நுழைவுப் பக்கத்தில் வந்து விழாமல் தடுப்பது இதுதான்.

செயலிக்குச் சொல்ல வேண்டிய மூன்று செய்திகள்

பெயர் ப்ராக்ஸிவரை வந்துவிட்டது. இனி அது உள்ளே போக வேண்டும். என்ஜின்எக்ஸ் செயலியிடம் புதிதாக ஓர் இணைப்பு எடுக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால், அந்த இணைப்பின் ஹோஸ்ட் வரியில் ப்ராக்ஸி_பாஸில் எழுதிய முகவரியே இருக்கும்: 127.0.0.1:3000. செயலியின் கண்ணுக்கு, சர்வரிலேயே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் மறைகுறியாக்கம் இல்லாமல் அதைக் கேட்பதாகத் தோன்றும். பெயர், பார்வையாளரின் முகவரி, இணைப்பு பாதுகாப்பானதா என்ற விவரம் ஆகிய மூன்றும் தொலைந்துபோயிருக்கும். மூன்றையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்:

ப்ராக்ஸி_செட்_ஹெடர் ஹோஸ்ட் $ஹோஸ்ட்;
ப்ராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ரியல்-ஐபி $ரிமோட்_அட்ர்;
ப்ராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் $ப்ராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார்;
ப்ராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ $ஸ்கீம்;

இரண்டாவது வரியின் கடைசிச் சொல் முழுமையான ‘அட்ரஸ்’ அல்ல. ஏ, டி, டி, ஆர் என்ற நான்கெழுத்துச் சுருக்கம்.

முதல் வரி இல்லாவிட்டால், கடவுச்சொல்லை மாற்றுவதற்காகச் செயலி அனுப்பும் மின்னஞ்சலில் 127.0.0.1 என்று தொடங்கும் இணைப்பு போகும். ஜாங்கோ என்றால் அதற்கு முன்பே 400 பிழை வந்துவிடும். காரணம், ‘அலவ்ட்_ஹோஸ்ட்ஸ்’ பட்டியலில் இல்லாத பெயரை அது ஏற்காது. அப்போது பலர் அந்தப் பட்டியலில் நட்சத்திரக் குறியைப் போட்டுப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பிழைச் செய்தி மறையும், பிழை மறையாது. ஹோஸ்ட் வரியைச் சரியாக அனுப்பி, பட்டியலில் உண்மையான பெயரை எழுதுவதே சரியான வழி.

நான்காவது வரி இல்லாவிட்டால் முடிவில்லாத திருப்பல் வரும். செயலி ‘எல்லோரும் பாதுகாப்பான இணைப்பில் வாருங்கள்’ என்று சொல்லும்படி அமைக்கப்பட்டிருக்கும். பார்வையாளர் அப்படித்தான் வந்திருக்கிறார், ஆனால் ப்ராக்ஸியிலிருந்து செயலிவரை வரும் இணைப்பு சாதாரணமானது. செயலி அதைப் பார்த்து ‘பாதுகாப்பான இணைப்புக்குப் போ’ என்கிறது, உலாவி போகிறது, மறுபடி அதே. வரியை அனுப்புவது மட்டும் போதாது. அதை நம்பும்படி செயலிக்கும் சொல்ல வேண்டும். ஜாங்கோவில் ‘செக்யூர்_ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடர்’ என்ற அமைப்பு. நோட் உலகின் எக்ஸ்பிரஸில் ‘டிரஸ்ட் ப்ராக்ஸி’. ஜாங்கோ 4.0க்குப் பிறகு, படிவங்களுக்கான ‘சிஎஸ்ஆர்எஃப்_டிரஸ்டட்_ஆரிஜின்ஸ்’ பட்டியலில் பெயர் எழுதும்போது முன்னால் எச்டிடிபிஎஸ் என்பதையும் சேர்க்க வேண்டும்.

முகவரி வரிகளில் ஓர் எச்சரிக்கை. ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ என்பதை எந்தப் பார்வையாளரும் தானே பொய்யாக எழுதி அனுப்பலாம். என்ஜின்எக்ஸ் அதன் கடைசியில் உண்மையான முகவரியைச் சேர்க்கிறதே தவிர, முன்னால் உள்ளதை அழிப்பதில்லை. ஆகவே இடப்பக்கம் முதலில் உள்ள முகவரியை நம்பி யாரையும் அனுமதிக்கவோ தடுக்கவோ கூடாது. ஒரே ஒரு ப்ராக்ஸி உள்ள நம் அமைப்பில் ‘எக்ஸ்-ரியல்-ஐபி’யை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு, அதை என்ஜின்எக்ஸ் முழுதாக மாற்றி எழுதிவிடுகிறது.

இந்த நான்கு வரிகளையும் தனிக் கோப்பில் வைத்து, தேவையான இடங்களில் ‘இன்க்ளூட்’ செய்யுங்கள். மேலே சர்வர் தொகுதியில் எழுதிவிட்டு, லொகேஷனுக்குள் இன்னொரு ப்ராக்ஸி_செட்_ஹெடர் வரியை மட்டும் சேர்த்தால், மேலே உள்ள நான்கும் அந்த லொகேஷனுக்குக் கிடைக்காமல் போகும். ஓர் அடுக்கில் ஒரு வரி இருந்தாலும் மேலடுக்கின் வரிகள் இறங்கி வராது என்பது என்ஜின்எக்ஸின் விதி. அனுபவமுள்ளவர்களும் சறுக்கும் இடம் இது.

அரட்டை, நேரடி அறிவிப்பு போன்ற வெப்சாக்கெட் வசதி செயலியில் இருந்தால், ‘ப்ராக்ஸி_எச்டிடிபி_வெர்ஷன் 1.1’ என்ற வரியுடன் ‘அப்கிரேட்’, ‘கனெக்‌ஷன்’ என்ற இரு தலைப்பு வரிகளையும் கடத்த வேண்டும். இவை தானாக உள்ளே போவதில்லை.

சான்றிதழ்

இது இப்போது எளிது. லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. அதை வாங்கித் தரும் செர்ட்பாட் கருவி என்ஜின்எக்ஸ் கோப்புகளையும் தானே திருத்திவிடும். அது கோப்பைத் தேடுவது சர்வர்_நேம் வரியை வைத்துத்தான். எனவே பெயர்களை முதலில் சரிசெய்யாமல் அதை இயக்காதீர்கள்.

வழக்கமான சோதனை 80 போர்ட் வழியாக நடக்கிறது. பெயர் உங்களுடையதுதானா என்று அறிய, அந்தப் பெயரில் ஒரு குறிப்பிட்ட கோப்பை அவர்கள் வெளியிலிருந்து கேட்பார்கள். எனவே 80ஐ ஃபயர்வாலில் மூடிவிடாதீர்கள். தோல்வியடைந்த சோதனைகளுக்கு மணிக்கு இத்தனை என்று வரம்பு உண்டு. முதலில் ‘ட்ரை-ரன்’ விருப்பத்தில் ஒத்திகை பார்ப்பது நல்லது. நட்சத்திரக் குறியுள்ள சான்றிதழ் 2018 முதல் கிடைக்கிறது, ஆனால் அதற்கு டிஎன்எஸ் பதிவு வழியாகத்தான் சோதனை. மூன்று பெயர்களுக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. பெயருக்கு ஒன்றாக வாங்குங்கள், ஒன்றில் கோளாறு வந்தால் மற்றவை பாதிக்கப்படாது.

வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள். புதுப்பித்தல் தானாக நடக்கும்படி நிறுவலின்போதே அமைக்கப்பட்டுவிடும். ‘செர்ட்பாட் ரின்யூ’ கட்டளையை ஒத்திகை விருப்பத்துடன் ஒருமுறை ஓட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

80இலிருந்து 443க்குத் திருப்பும்போது, சோதனைக் காலத்தில் 302 என்ற தற்காலிகத் திருப்பலைப் பயன்படுத்துங்கள். 301ஐ உலாவிகள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. நீங்கள் தவறைத் திருத்திய பிறகும் உங்கள் உலாவி மட்டும் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும், நீங்கள் சர்வரில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

துணைப்பெயரா, துணைப்பாதையா?

கடைக்குத் தனிப் பெயர் எதற்கு, முதன்மைத் தளத்திலேயே சாய்கோடு போட்டுக் ‘கடை’ என்று வைத்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் தொல்லை, ப்ராக்ஸி_பாஸ் வரியின் கடைசிச் சாய்கோடு. போர்ட் எண்ணுக்குப் பின் சாய்கோடு இருந்தால், என்ஜின்எக்ஸ் லொகேஷனில் பொருந்திய ‘/கடை/’ பகுதியை வெட்டிவிட்டு மீதியைச் செயலியிடம் கொடுக்கும். சாய்கோடு இல்லாவிட்டால் முழுப் பாதையும் அப்படியே போகும். ஒரே ஒரு எழுத்து. விளைவு முற்றிலும் வேறு. வெட்டி அனுப்பினாலும், தான் ஒரு துணைப்பாதையில் இருப்பது செயலிக்குத் தெரியாது. அது படங்களுக்கும் நடைதாள்களுக்கும் வேரிலிருந்து தொடங்கும் இணைப்புகளை எழுதும். அவை முதன்மைத் தளத்துக்குப் போய் 404 ஆகும். பக்கம் வரும், அலங்காரம் மட்டும் வராது.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. உலாவியின் பார்வையில் ஒரே பெயரும் ஒரே போர்ட்டும் உள்ள எல்லாப் பக்கங்களும் ஒரே தளம்தான். பாதை கணக்கில் வராது. கடையில் உள்ள ஓர் ஓட்டை வழியாக நுழைந்த தீய நிரல், அதே பெயரில் உள்ள கணக்குச் செயலியின் பக்கங்களைப் படிக்க முடியும். தனிப் பெயர் கொடுத்தால் நடுவே ஒரு சுவர் எழும்பும். அதற்கு ஆகும் செலவு ஒரு டிஎன்எஸ் பதிவு.

தமிழ் எழுத்தில் டொமைன்

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய தமிழ் உயர்நிலைப் பெயர்களில் தளம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழ் தெரிந்தாலும், டிஎன்எஸ்ஸிலும் ஹோஸ்ட் வரியிலும் சான்றிதழிலும் பயணிப்பது ‘ப்யூனிகோட்’ என்ற ஆங்கில எழுத்து வடிவம். எக்ஸ், என் ஆகிய இரண்டு எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளுமாகத் தொடங்குவது. சர்வர்_நேம் வரியில் அந்த வடிவத்தையே எழுதுங்கள். தமிழில் எழுதினால் ‘-டி’ சோதனை பேசாமல் கடந்துபோகலாம், ஆனால் பெயர் பொருந்தாது. கோரிக்கை இயல்புநிலைத் தொகுதிக்குப் போய்விடும். அலவ்ட்_ஹோஸ்ட்ஸ் பட்டியலுக்கும் இதே விதிதான்.

எண்கள் சொல்லும் சேதி

502 வந்தால் ப்ராக்ஸி நலம், செயலி கிடைக்கவில்லை. என்ஜின்எக்ஸின் பிழை லாக்கைத் திறங்கள். அதில் 111 என்ற எண்ணுடன் இணைப்பு மறுக்கப்பட்டது என்றிருந்தால் செயலி ஓடவில்லை அல்லது போர்ட் தவறு. 13 என்ற எண்ணுடன் அனுமதி இல்லை என்றிருந்தால், ரெட் ஹேட் குடும்ப சர்வர்களில் பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு தடுக்கிறது. ‘எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்’ என்ற அனுமதியைத் திறக்க வேண்டும். எஸ்இலினக்ஸை மொத்தமாக அணைத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

504 என்றால் செயலி கிடைத்தது, நேரத்துக்குள் பதில் தரவில்லை. இயல்பான காத்திருப்பு 60 விநாடி. 413 என்றால் பதிவேற்றும் கோப்பு பெரிது. என்ஜின்எக்ஸ் இயல்பாக ஒரு மெகாபைட்டுக்கு மேல் ஏற்காது. புத்தக அட்டைப் படங்களை ஏற்றும் கடைக்கு அது போதாது, ‘கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்’ வரியில் கூட்டிக்கொள்ளுங்கள். 400 வந்தால் அது என்ஜின்எக்ஸ் தந்ததா செயலி தந்ததா என்று இரண்டு லாக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்தக் கோப்பு உண்மையில் படிக்கப்படுகிறது என்ற சந்தேகம் வந்தால், என்ஜின்எக்ஸ் கட்டளையைப் பெரிய எழுத்து ‘-டி’யுடன் இயக்குங்கள். எல்லாக் கோப்புகளையும் சேர்த்து, அது படித்த வரிசையிலேயே கொட்டிவிடும். திருத்திய கோப்பு அதில் இல்லாவிட்டால் குறியிணைப்பு போட மறந்திருக்கிறீர்கள்.

என்ஜின்எக்ஸுக்குப் பதிலாக அப்பாச்சி மென்பொருளில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு: ‘வர்ச்சுவல்ஹோஸ்ட்’ தொகுதிக்குள் ‘சர்வர்நேம்’, ‘ப்ராக்ஸிபாஸ்’, ‘ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ்’ ஆகியவற்றை எழுதி, ‘ப்ராக்ஸிப்ரிசர்வ்ஹோஸ்ட் ஆன்’ என்பதையும் சேருங்கள், ஹோஸ்ட் வரியை உள்ளே கடத்துவது அதுதான். பொருந்தாத பெயர் முதல் தொகுதிக்குப் போகும் வழக்கம் அங்கேயும் உண்டு. எந்தப் பெயர் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற பட்டியலை ‘அப்பாச்சிசிடிஎல்’ கட்டளை பெரிய எழுத்து ‘-எஸ்’ விருப்பத்தில் தரும்.

நாளை நான்காவது செயலி ஒன்று வந்தால் வரிசை இதுதான்: செயலியை 127.0.0.1இல் புதிய போர்ட்டில் ஓட்டிக் கர்ல் செய்யுங்கள். டிஎன்எஸ் பதிவு போடுங்கள். கடையின் கோப்பைப் படியெடுத்துப் பெயரையும் போர்ட்டையும் மாற்றுங்கள். குறியிணைப்பு, ‘-டி’ சோதனை, ரீலோட். ஹோஸ்ட் வரியைக் கொடுத்து ஒரு கர்ல். கடைசியாகச் செர்ட்பாட். அந்தச் செயலி வருவதற்கு முன்பே அணுகல் லாக்கையும் பிழை லாக்கையும் ஹோஸ்டுக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோப்புகளில் எழுதும்படி மாற்றிவிடுங்கள். நான்கு தளங்களின் வரிகள் ஒரே லாக்கில் கலந்து ஓடும்போது, இயல்பான வடிவத்தில் ஹோஸ்ட் பெயர் பதிவாவதே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.